செவலைக்குத் திங்கட்கிழமை லீவு

எங்கள் ஊருக்குச் சூரியன் முதன்முதலாக மாடுகளோடு மாடாக வந்த திங்கட்கிழமை அன்று ஓடைத்துறையில் நின்று மாடு எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான், ஆகவே இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவன் மலையில் எவனும் இல்லை. ஊர் மாடு மொத்தம் நாற்பத்தொன்று, அன்றைக்கு எண்ணினால் நாற்பத்திரண்டு, மறுபடி எண்ணினாலும் நாற்பத்திரண்டு, சரி கண்தான் பிசகுகிறது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் கையை வைத்து எண்ணிக்கொண்டே வந்தபோது, பில்லைப் பசுவுக்கும் அதன் கன்றுக்கும் நடுவில் என் கை பட்ட முதுகு சோற்றுப்பானை மூடி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன், சூரியன்.

மாட்டை வாலிலிருந்து பிடித்தால் உதை விழும், கதையும் அப்படித்தான், தலையிலிருந்தே வருகிறேன். எங்கள் ஊர் ஏழுசுனை, கல்வராயன் மலையில் கடைசி பஸ் நின்று திரும்புகிற இடத்திலிருந்து மூன்று மணி நேரம் ஏறினால் வரும். முப்பத்தெட்டு வீடு, ஒரு கரியராமன் கோயில், ஒரே ஒரு வாத்தியார் இருக்கிற பள்ளிக்கூடம். மின்கம்பங்கள் ஒரு காலத்தில் எங்களைப் பார்க்கக் கிளம்பிப் பாதி மலை வரைக்கும் வந்து, மூச்சு வாங்கி, அங்கேயே நின்றுவிட்டன. இப்போது அவற்றின் மேல் பாகற்கொடி படர்ந்து நன்றாகக் காய்க்கிறது. வெளிச்சம் இல்லையே என்று நாங்கள் பெரிதாக அழுததில்லை, இருட்டினால் தூங்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பாடெல்லாம் சாமையோடுதான். சாமைச் சோறு தின்கிறவனுக்குத் தேன், குத்துகிறவளுக்குத்தான் அதன் குணம் தெரியும், அத்தனை சீக்கிரம் உமியை விடாது. ஒரு வீட்டுச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் உலக்கை போட வேண்டும், விடிவதற்கு முன் முப்பத்தெட்டு உரலும் ஒன்றாக இடிக்கும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஊர்ச் சேவல்களே எழுந்திருக்கும்.

அப்படி இருக்கையில் ஒரு தொண்டு நிறுவனம் இருபத்துநாலு சோலார் பலகையும், இரண்டு பேட்டரிப் பெட்டியும், சாமை குத்துகிற மிஷின் ஒன்றும் தருகிறோம், மலைக்கு ஏற்றுவது உங்கள் பாடு என்றது. பலகைகளைக் கம்பளியில் சுற்றித் தலையில் ஏற்றி, முன்னால் பம்பை அடித்துக்கொண்டு கல்யாணப் பெண்ணை அழைத்து வருவது போல் அழைத்து வந்தோம், பிரசவ வலி எடுத்தவர்களைக் கீழே இறக்குகிற தூளியில் பேட்டரிப் பெட்டியை வைத்து மேலே ஏற்றினோம், எதிரே வந்த பக்கத்து ஊர்க்காரன் தூளியைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று, "ஆணா பொண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டான். "பேட்டரி" என்றோம். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொருத்த வந்த இன்ஜினியர் ஜெபசிங் தெற்கத்திக்காரர், வாய் ஓயாத மனிதர். மிஷின் சாவி ஒரு பெண் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம் என்பதால், என் அண்ணன் பொன்னனின் மனைவி சடைச்சி அண்ணியைப் பத்து நாள் டவுனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். போகும்போது கொண்டையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனவள் வரும்போது கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகிக்கொண்டு வந்தாள், அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை. எல்லாம் மாட்டி முடித்து, ஊரே சுற்றி நிற்க, ஜெபசிங் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையால்தான் இத்தனையும் நடந்தது.

"கேட்டியளா, இனிமே உங்க மிஷினை இழுக்கது சூரியன்தான். நீங்க யாரும் கஷ்டப்பட வேண்டாம், எல்லாம் அவரு இழுத்துக்கிடுவாரு."

மிஷின் ஓடியது. மேலே கொட்டிய சாமை கீழே முத்தாக வந்தது, ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம். மறுநாள் விடியலில் உலக்கைச் சத்தம் இல்லாததால் சேவல்கள் எட்டு மணி வரைக்கும் தூங்கிவிட்டு வெட்கத்தோடு கூவின. பெண்கள் இரண்டு நாள் பழக்கத்தில் உரலைச் சுற்றிச் சும்மா நின்றார்கள், மூன்றாம் நாள் ஒருத்தி காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள், அது ஓலைக்கூரையில் தீ தாவுவது போல் வீட்டுக்கு வீடு தாவி, மாலைக்குள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பாறை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டால் அதற்கும் சிரித்தார்கள். சடைச்சி அண்ணியின் உரலில் கோழி அடைகாக்க உட்கார்ந்தது. மிஷின் ஓடும்போது அவள் அதன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் யாராவது பேசினால் கை காட்டி நிறுத்துவாள். பதினைந்து வருஷம் உலக்கை போட்டு வலது தோள் இறங்கிப்போய், அதில் ஒரு தடிப்பும் ஏறியிருந்தது. மிஷின் வந்த பிறகுதான் அந்தத் தோள் தன்னுடையது என்று தனக்கே தெரிந்ததாக அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அப்புறம் திங்கட்கிழமை வந்தது.

திங்கட்கிழமை எங்கள் ஊரில் மாட்டுக் கழுத்தில் நுகம் ஏறாது. பஞ்சம் வந்தாலும் ஏறாது, மழை கொட்டி மண் பதமாகக் காத்திருந்தாலும் ஏறாது. அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கழுத்துத் தடிப்புக்கு எண்ணெய் தடவி, கழனித்தண்ணீர் வைத்துச் சும்மா விடுவோம். அன்று காலை ஊர்க்கவுண்டர் சின்னாண்டி பலகைகளுக்கு முன்னால் வந்து நின்று யோசித்தார்.

"இன்ஜினியர் என்னா சொன்னாரு? சூரியன் இழுக்குதுன்னாரு. இழுக்கறது எதுவா இருந்தாலும் அது மாடு. திங்கக்கெழம அது மேல நொகம் வெப்பீங்களா?" என்றார்.

வாத்தியார் மட்டும், அது இழுப்பது இல்லை, ஒளி பலகையில் விழுந்து மின்சாரமாக மாறுவது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். கவுண்டர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்த அம்புக்குறி எங்கருந்து எங்க போவுது?"

"சூரியன்லருந்து மிஷினுக்குங்க."

"அப்ப இழுக்குதுதான?" என்றார் கவுண்டர், வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

சடைச்சி அண்ணி, "அப்ப ஞாயித்துக்கெழமையே ரெண்டு நாளைக்குச் சேத்து ஓட்டிக்கறோம் மாமா" என்று கேட்டுப் பார்த்தாள். "அதெப்படிம்மா, திங்கக்கெழமப் பாரத்த ஞாயித்துக்கெழம ஏத்துனா அது என்னா லீவு?" என்றார் கவுண்டர். பலகைகளைக் கம்பளி போர்த்தி மூடினோம். அன்றைய சாமை பழையபடி உரலுக்குப் போனது. ஒரு நாள்தானே என்றோம் ஆண்பிள்ளைகள் எல்லோரும். குத்தப்போவது நாங்கள் இல்லையே.

அன்றைக்குப் பகல் முழுக்கச் சூரியன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வானத்தில் நின்றது. உலகம் உண்டான நாளிலிருந்து அதைக் கும்பிட்டவர்கள் உண்டு, பொங்கல் வைத்தவர்கள் உண்டு, சித்திரை மாதத்தில் திட்டித் தீர்த்தவர்கள் அதைவிட அதிகம், ஆனால் இன்றைக்கு வேலை இல்லை, போய்ப் படு என்று சொன்ன முதல் ஊர் எங்களுடையது. பாவம், எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை. சாயங்காலம் மாடுகள் வீடு திரும்பும் நேரத்தில் புழுதியோடு புழுதியாக இறங்கி, அவற்றின் பின்னாலேயே வந்துவிட்டது.

கன்றுக்குட்டி உயரம், உருண்டை, பழுத்த பலாச்சுளை நிறம். கிட்டே போனால் சுடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேலை நேரத்தில்தான் சுடும். இங்கே வந்துவிட்டால் மறுபக்கத்து நாட்டில் எப்படி விடியும் என்று வாத்தியார் கவலைப்பட்டார், மாமியார் வீட்டுக்குப் போகிறவன் வழியில் ஒரு டீ குடிக்காமலா போவான் என்று கவுண்டர் அதையும் தீர்த்துவைத்தார். வந்தது மாடு என்று முடிவான பிறகு செய்ய வேண்டியதைச் செய்தோம், ஓடைக்கு ஓட்டிப்போய் வைக்கோல் பிரி வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினோம், ஓடை வெந்நீராகிவிட்டது, ஊரே துணியோடு இறங்கியது, வாழ்நாளில் முதல்முறையாக நூற்றெழுபது பேரும் ஒன்றாக வெந்நீரில் உட்கார்ந்தோம், ஏழு வருஷமாகப் பேசாத பங்காளிகள் இரண்டு பேர் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டார்கள், நண்டுகள் மட்டும் கோபித்துக்கொண்டு கரையேறின. கழனித்தண்ணீர் வைத்தோம், ஒரே மூச்சில் தொட்டி காய்ந்தது. கல் உப்பு வைத்தோம், அதைத் தொடவில்லை.

எண்ணெய் தடவுவதில்தான் சிக்கல். மாடு பார்ப்பதில் என் அண்ணன் பொன்னனுக்கு மலையில் நிகர் கிடையாது; விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்து, "வலிக்குதாடா ராசா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மாட்டோடு பேசிக்கொண்டே தடவுவான், அந்தப் பேச்சில் கால்வாசியை வீட்டில் பேசியிருந்தால் அண்ணி அவனைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பாள். அவன் கிண்ணத்தோடு சூரியனைச் சுற்றிச் சுற்றி வந்தான். உருண்டையாக இருக்கிற ஒன்றுக்குக் கழுத்து எது? இந்தப் பக்கம் என்றார்கள் சிலர், அந்தப் பக்கம் என்றார்கள் சிலர், கைகலப்பு வரை போனது. அப்போதுதான் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வந்த சடைச்சி அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க தடிச்சிருக்குதோ அதான் கழுத்து" என்று சொல்லி, தேடாமலே ஒரு இடத்தில் கையை வைத்தாள்.

அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடிப்பு இருந்தது. அண்ணன் எண்ணெய் தடவத் தடவ, ஊர் முழுக்க வெளிச்சம் ஒரு நொடி மங்கி மறுபடி வந்தது, சுகத்தில் மாடு கண்ணை மூடித் திறக்கிற மாதிரி. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, நேரமாகிவிட்டவன் போல மேற்கு முகட்டில் விறுவிறுவென்று ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

அடுத்த திங்களும் வந்தது. அதற்கு அடுத்த திங்களும். செவலை என்று பெயர் வைத்தோம், கழுத்து தெரிந்துவிட்டதால் மணி கட்டுவதும் சுலபமாகிவிட்டது. மற்ற நாட்களில் உச்சி வெயிலில் உற்றுக் கேட்டால் மேலே லேசாக மணிச் சத்தம் கேட்கும். வெயில் கடுமையாக இருந்தால் செவலைக்கு இன்றைக்கு என்ன கோபமோ என்பார்கள், மேகம் மூடினால் செவலை படுத்திருக்கிறான் என்பார்கள். மிளகாய் காயவைத்தவர்கள் அவன் வருகிற பாதையில் பாயை விரித்தார்கள், சளி பிடித்த குழந்தைகளை அவன் முதுகில் சாய்த்துவிட்டுப் பெரியவர்கள் வேலையைப் பார்த்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பசுக்களோடு விடக் கேட்டு வெற்றிலை பாக்கோடு வந்தார்கள், அது முறையில்லை என்று கவுண்டர் திருப்பி அனுப்பினார். கொட்டில் போட வேண்டுமா, காதில் சூடு போட வேண்டுமா, மாட்டுப் பொங்கலுக்குச் செவலையை முன்னால் விடுவதா பில்லைப் பசுவை விடுவதா என்பதெல்லாம் பேசி முடித்தோம். எதுவும் பாக்கியில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை ஜெபசிங் மூச்சு இரைக்க ஏறி வந்தார். நேராகச் சடைச்சி அண்ணியிடம் போனார்.

"அக்கா, அந்தப் பெட்டியிலருந்து தெனமும் ஆபீசுக்குக் கணக்கு போவுதுல்லா? திங்கக்கிழமை திங்கக்கிழமை சைபர் காட்டுது. மிஷின் பழுதான்னு கேக்காவ. பழுது இல்ல, ஊர்க்காரங்கதான் ஓட்டலன்னா, தேவையில்லாத எடம்னு எழுதிப் பலகையக் கழட்டிருவாவ. அடுத்து கேட்டு ஏழு ஊரு நிக்கி. வார திங்கக்கிழமை மேடமே நேர்ல பாக்க வாராவ."

செவலை விஷயத்தை அவரிடம் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாக் குளிச்சாரா?" என்று விசாரித்தார். பிறகு கவலையோடு தலையைச் சொறிந்தார். "ஆனா இத நான் ரிப்போர்ட்ல எந்தக் கட்டத்துல எழுத?"

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஒரு திங்கள் மட்டும் கம்பளியை எடுத்துவிடலாம், அந்தம்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் பாதிப் பேர். பொன்னன் அண்ணன் துள்ளி எழுந்தான். "நம்பி வந்தவன் கழுத்துல நொகம் வெச்சா அப்பறம் வருவானா? மாட்டுக்கு ஒரு தடவ பொய் சொன்னாப் போதும், ஆயுசுக்கும் நம்பாது" என்றான், அவன் கண் கலங்கியிருந்தது. யாரோ பின்னாலிருந்து, "ஒரு நாள்தானப்பா" என்றார்கள்.

"ஒரு நாள்தானன்னுதான் எங்ககிட்டயும் சொன்னீங்க" என்றாள் சடைச்சி அண்ணி.

அவள் கூட்டத்தில் பேசி நாங்கள் கேட்டதில்லை. எழுந்து நின்றாள், கொண்டையில் டெஸ்டர் இருந்தது.

"திங்கக்கெழம மாட்டுக்கு லீவு. மாட்டுக்கு லீவுன்னா ஏர் இல்ல, அப்ப ஆம்பளைங்களுக்கும் லீவு. சூரியன் இந்த ஊருக்கு வேலைக்கு வந்து ரெண்டு மாசங்கூட ஆவல, அவனுக்கும் லீவு. அவனுக்கு லீவு குடுத்த அன்னிக்கெல்லாம் உரல்ல நின்னது யாரு? திங்கக்கெழமகூட நொகம் எறங்காத கழுத்து இந்த ஊர்ல எத்தினி இருக்குது?" என்று சொல்லி, சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீதான எண்ணறவன்? எண்ணிச் சொல்லு கொழுந்தனாரே."

நான் எண்ணினேன். எண்ணத் தெரிந்தவனுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது. பாறைப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களை வரிசையாக எண்ணினேன், அதில் என் வீட்டுக்காரி பழனியம்மாவும் இருந்தாள், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறுபத்தி மூணு" என்றேன்.

"எனக்கு இந்த மிஷினு வேணும் மாமா. உசுரு மாதிரி வேணும்" என்றாள் அண்ணி கவுண்டரிடம். "அதுக்காவ செவலையப் பூட்டச் சொல்லல. எங்களையும் அவுத்து விடுங்க. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன், உள்ளதச் சொல்றேன்."

கவுண்டர் முறை என்றால் முறை என்கிற ஆள், அதனால்தான் அன்றைக்குத் தப்பித்தோம். அவர் வாய்க்குள்ளேயே தன் சட்டத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்: இழுக்கறது எதுவா இருந்தாலும். இரண்டு முறை சொன்னார். தான் நட்ட கல்லில் தானே இடித்துக்கொண்டவர் மாதிரி நெற்றியைத் தடவினார்.

"அப்ப திங்கக்கெழம சாமைய யாருதான் குத்தறது?" என்றார்.

அறுபத்து மூன்று பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஏழுசுனையில் நடந்த கூத்தை நான் முழுவதும் சொன்னால் எங்கள் மானம் போய்விடும், கொஞ்சம் சொல்கிறேன். முப்பத்தெட்டு உரலிலும் ஆண்கள் நின்றோம். உலக்கை தூக்கத் தெரியாமல் தூக்கி, கால் கட்டை விரலில் போட்டுக்கொண்டவர்கள் பதினொரு பேர், சாமையைவிட அதிகமாக மண்ணைக் குத்தியவர்கள் ஆறு பேர், கவுண்டர் உலக்கை போட்ட வேகத்தில் அவர் வேட்டி உரலுக்குள் போய் உமியோடு வந்தது, பெண்கள் பாறை மேல் காலை நீட்டி உட்கார்ந்து, "கையை மாத்து, கையை மாத்து" என்று கத்தினார்கள், ஒரு கோழி என் உரலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அலட்சியமாகப் போனது. இரண்டாவது மணி நேரத்தில் எங்களில் பேசக்கூடியவர் யாரும் இல்லை. நான் ஒருமுறை நிமிர்ந்து பழனியம்மாவைப் பார்த்தேன், அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் எனக்கு உறைத்தது.

இதற்கு நடுவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மேடம் வந்து சேர்ந்தார், பெயர் மங்கையர்க்கரசி, ஐம்பது வயது இருக்கும், தோளில் ஒரு கனத்த பை, பின்னால் ஜெபசிங். கம்பளி போர்த்திய பலகைகளைப் பார்த்தார். உரலில் நிற்கிற எங்களைப் பார்த்தார். பாறையில் இருக்கிறவர்களைப் பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க? மிஷின் குடுத்திருக்கோம், மூடி வச்சுட்டுக் கையால குத்திட்டு இருக்கீங்க?"

சடைச்சி அண்ணி இறங்கி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். நுகத்தைச் சொன்னாள், அம்புக்குறியைச் சொன்னாள், செவலையைச் சொன்னாள், அறுபத்து மூன்றைச் சொன்னாள். மற்ற ஆறு நாளும் மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நாள்வாரியாக மனப்பாடமாகச் சொன்னாள். மேடம் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனில் படம் எடுத்தார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிம்மா. ஆனா திங்கட்கிழமைன்னா ஊர் உலகத்துக்கே வேலை நாள். ஒன்றரை மாசத்துல அஞ்சு நாள் சைபர்னா நான் கழட்டத்தான் எழுதணும், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அண்ணி கொண்டையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமா என்று யோசிக்கிறவள் போல. எங்கள் உலக்கைகள் நின்றுவிட்டன. அந்த நேரத்தில்தான் துறைப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது.

மாடுகள் வந்தன, புழுதி வந்தது, புழுதிக்குள் செவலை வந்தான். வழக்கமாக நேராக ஓடைக்குப் போகிறவன் அன்றைக்குப் போகவில்லை. மேடம் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றான். புது ஆளை மாடு மோந்து பார்ப்பது போல ஒரு சுற்று சுற்றினான். மேடம், "இதுதானா?" என்று மட்டும் கேட்டார், "இதுதான் மேடம்" என்றார் ஜெபசிங். சடைச்சி அண்ணிக்கு அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது, மேடத்தின் தோளில் பையின் வார் பதிந்த இடம்.

"அந்தப் பையக் கொஞ்சம் எறக்குங்கம்மா" என்று சொல்லி, தானே இறக்கி வைத்தாள். வாருக்குக் கீழே நீளமாக ஒரு தடிப்பு. "எத்தினி வருசமா?"

"இருபத்தாறு" என்றார் மேடம்.

"லீவு போடவே மாட்டீங்களா?"

"இருநூத்திப் பதினேழு நாள் சேர்ந்து கெடக்கு. எங்க போடறது?"

அண்ணி பொன்னன் அண்ணனிடமிருந்து கிண்ணத்தை வாங்கி எண்ணெயைத் தடவினாள். இரண்டு தடவல், மூன்று தடவல். மேடம் அப்படியே செவலையின் முதுகில் சாய்ந்து தூங்கிப்போனார். செவலை அசையவே இல்லை. ஊர் மூச்சுவிடாமல் நின்றது, உலக்கை சாய்ந்து சத்தம் வந்துவிடுமோ என்று கவுண்டர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம்.

விழித்ததும் மேடம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மிஷின் ஓடாத நாள் என்ற இடத்தில் திங்கள் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னன்னு எழுதட்டும்?"

"லீவுன்னு எழுதுங்க."

"யாருக்கு?"

"எல்லாத்துக்கும்" என்றாள் சடைச்சி அண்ணி.

மேடம் அப்படியே எழுதினார், கீழே, வார விடுமுறை தவிர மற்ற நாட்களில் மிஷின் நன்றாக ஓடுகிறது, கழட்டத் தேவையில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. எங்கள் ஊரில் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடைக்காது, செவலை பக்கத்தில் இருந்ததால் கிடைத்திருக்கும். ஆபீஸ் என்று அதில் தெரிந்தது. மேடம் அதை ஒரு நிமிஷம் பார்த்தார், பலகை மேல் கிடந்த ஒரு கம்பளியை எட்டி இழுத்து, போனைப் போர்த்தி மூடினார். பாறை மேலிருந்து எழுந்த சிரிப்பில் கொட்டிலில் இருந்த கன்றுகளெல்லாம் வெளியே ஓடி வந்தன. ஜெபசிங் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சடைச்சி அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. டெஸ்டரைக் கொண்டையில் பழையபடி செருகிக்கொண்டு, மிஷின் இருக்கிற கொட்டகைப் பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொன்னன் அண்ணன் செவலைக்கு எண்ணெய் தடவி முடித்திருந்தான், கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு போய் அவள் பின்னால் நின்றான். கை வலியில் கிண்ணமே நடுங்கியது, இரண்டு மணி நேரம் உலக்கை போட்ட கை.

"தோளக் காட்டு" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு காட்டினாள். அவன் மாட்டுக்குத் தடவுகிற பழக்கத்தில் அழுத்தித் தடவிவிட்டான் போலிருக்கிறது.

"மெதுவா. நான் மாடு இல்ல" என்றாள்.

"மாட்டுக்குன்னா நல்லாத் தெரியும்" என்றான் என் அண்ணன். "உனக்கு இப்பத்தான் பழகறேன்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். ஊரே ஒரு நொடி மங்கி மறுபடி வெளிச்சம் வந்தது, அது செவலையின் வேலையா என்று எனக்குத் தெரியாது. மேற்கு முகட்டில் அவன் ஏறிக்கொண்டிருந்த மணிச் சத்தம் கேட்டது, மாடு எண்ண வேண்டிய நேரம். நான் எண்ணவில்லை, எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.